கணு தவறிய மீன்கள்மீது பதினேழு-பி

புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகும் சாலையில், சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே, தண்ணீர் என்பது லாரியில் மட்டும் வந்துபோகும் ஒரு பொட்டலில், மாநில மீன் கருவியல் உயராய்வு மையம் இருக்கிறது. உயரம் என்று பார்த்தால் இரண்டு மாடி. மீனுக்கான மையத்தை ஏன் தண்ணீரில்லாத இடத்தில் கட்டினீர்கள் என்று திறப்பு விழாவில் ஒரு நிருபர் கேட்டாராம். "அப்போதுதான் மீன்கள் தப்பித்துப் போகாது" என்று பதில் வந்ததாம். பதில் சொன்னவருக்கு அடுத்த மாதமே பதவி உயர்வு.

மையத்தில் அறுபது பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். அவர்களில் மீனைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஆவூரிலிருந்து வரும் ஆய்வு மாணவி ஞானமணி. இன்னொருவர் தொட்டி கழுவி இரை போடும் செவந்தி அக்கா. மிச்சப் பேர் நிர்வாகம்.

ஞானமணியின் மீன்கள் வரிக்குதிரை மீன்கள். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. உடம்பில் நீலக்கோடு போட்டுக்கொண்டு சட்டென்று திரும்பும். இந்த மீனின் முட்டை கண்ணாடி மாதிரி. உள்ளே கரு வளர்வதை மைக்ராஸ்கோப்பில் அப்படியே பார்க்கலாம். முதலில் தலைக்குப் பின்னால் ஒரு கணு விழும். கொஞ்ச நேரம் கழித்து அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. கரும்பில் கணு இருக்கிறதே, அப்படி. உள்ளே யாரோ உட்கார்ந்து தாளம் போடுவது போல வால் வரைக்கும் வரிசையாக விழுந்துகொண்டே போகும். பிற்பாடு முதுகெலும்பும் சதையும் இந்தக் கணுக்களிலிருந்துதான் வரும். மனிதருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். தாய் வயிற்றுக்குள் நடப்பதால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பதினொன்றாம் தொட்டியிலிருந்த ஒரு ஜோடி மட்டும் வேறு தினுசு. அந்த ஜோடியின் குஞ்சுகளில் நாலில் ஒன்றுக்கு முதல் ஏழு கணுக்கள் ஒழுங்காக விழும். எட்டாவதில் தாளம் தப்பிவிடும். அதற்கப்புறம் எல்லைக்கோடே இல்லாமல் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி, அடித்து அழித்த சிலேட்டு மாதிரி இருக்கும். ஒரே ஒரு மரபணுவில் ஒரு பிழை. எந்த மரபணு என்பதை ஞானமணி ஏறக்குறைய நெருங்கிவிட்டாள். முதுகெலும்பு கோணிப் பிறந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிற தாய்க்கு, 'ஏன் இப்படி ஆச்சு' என்ற கேள்விக்கு ஒரு துண்டு பதிலாவது அங்கே கிடைக்கும். ஆனால் அந்த ஜோடி போய்விட்டால் எல்லாம் போச்சு. உலகத்தில் வேறெந்தத் தொட்டியிலும் அப்படி ஒரு ஜோடி இல்லை.

மாநில மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று தகவல் வந்ததும், இயக்குநர் ஆனந்தராஜ் பதவியேற்ற பிறகு முதல் தடவையாக ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார். அவருக்கு வழி தெரியாது என்பதால் கண்காணிப்பாளர் கண்ணுசாமி முன்னால் நடந்து கூட்டிவந்தார்.

"இதுதான் மைக்ராஸ்கோப்பா? பில்லுல பார்த்தப்போ பெருசா இருந்துச்சே," என்றபடி குனிந்தார். "ஆகா! கறுப்பு கறுப்பா என்னமோ அசையுது. நல்ல வளர்ச்சி."

"அது உங்க இமை முடி சார். கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

இரண்டாம் முறை கரு தெரிந்தது. ஞானமணி முதலில் சரியான கருவைக் காட்டினாள். அப்புறம் கணு தவறியதை வைத்தாள்.

"இதுல பாதிக்கு மேல ஒண்ணையும் காணோமே?"

"நாலுல ஒண்ணு இப்படி வரும் சார். மரபணு மாற்றம்."

இயக்குநர் விறுக்கென்று நிமிர்ந்தார். "மாற்றமா? யாரு உத்தரவு போட்டா?"

"யாரும் போடலை சார். தானா நடந்தது."

"தானா நடந்ததா! கண்ணுசாமி, நம்ம மையத்துல ஒரு விஷயம் தானா நடந்திருக்கு. இது ஒங்களுக்குத் தெரியுமா?"

"என் பார்வைக்கு வரலைங்கய்யா," என்றார் கண்ணுசாமி. "வந்திருந்தா நடந்திருக்காது."

அன்று மாலையே அவசரக் கூட்டம். இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே! நான் இந்த நாற்காலியில உட்கார்ந்து இத்தனை வருஷம் ஆகுது. இத்தனை வருஷத்துல இந்த மையத்துல ஏதாவது நடந்துச்சுன்னு யாராவது விரலை நீட்டிச் சொல்ல முடியுமா? முடியாது! (கைதட்டல்) அந்த நல்ல பேரைக் கட்டிக் காப்பாத்துனவன் நான். இன்னைக்கு ரெண்டு மீன் அதைக் கெடுக்கப் பார்க்குது. ஏழு கணுவை ஒழுங்காப் போடத் தெரிஞ்ச மீனுக்கு எட்டாவதைப் போடத் தெரியாதா? தெரியும்! இது திறமைக் குறைவு இல்ல, மெத்தனம். அந்த மெத்தனம் அதுகளுக்கு யார்கிட்ட இருந்து தொத்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன். மூணு மணிக்கு மேல இந்தக் கட்டடத்துல யார் இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நானே ரெண்டு மணிக்குக் கெளம்பிடுவேன்."

பலத்த கைதட்டல். ஞானமணி எழுந்தாள். "சார், நாலுல ஒண்ணுங்கிறது பரம்பரைக் கணக்கு. நாம சொல்லி மாறாது."

"இந்தக் காலாண்டுக்கு எட்டுல ஒண்ணு. அடுத்த காலாண்டுக்கு சைபர். எழுதிக்குங்க கண்ணுசாமி."

மறுநாள் பதினொன்றாம் தொட்டிக்குப் பின்னால் ஆறடிப் பேனர் ஒன்று வந்தது. தலை முதல் வால் வரை கணு பிசகாத ஒரு மாதிரிக் கரு. பெற்றோர் மீன்கள் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக. கருவுக்கு மேலே, கருவைவிடப் பெரிதாக இயக்குநரின் சிரித்த முகம்.

"பாப்பா," என்றார் செவந்தி, "இந்தப் பேனரை மாட்டுனதுல இருந்து மாப்பிள்ளையும் பொண்ணும் அங்கிட்டே திரும்ப மாட்டேங்குதுக." அந்த ஜோடிக்கு அவர் வைத்த பேர் அது.

"பயந்திருக்கும்க்கா."

"பயந்தா பயந்துட்டுப் போகுது. இரை எடுக்க மாட்டேங்குதேங்கிறேன். எனக்கே அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கஞ்சி எறங்கல."

அடுத்தது உறுதிமொழி. மீனுக்கு வாயிருந்தும் பேச்சில்லை என்பதால் அவற்றின் சார்பில் ஊழியர்கள் எடுப்பது என்று முடிவாயிற்று. திங்கள்கிழமை காலை ஓட்டுநர் முதல் தட்டச்சர் வரை தொட்டிக்கு எதிரே வரிசையாக நின்று வலது கையை நீட்டினார்கள். கண்ணுசாமி வாசிக்க எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்:

"மீன்களாகிய நாங்கள், எங்கள் வழித்தோன்றல்களுக்குத் தலை முதல் வால் வரையிலான கணுக்களை, உரிய நேரத்தில், உரிய எண்ணிக்கையில், கையூட்டுப் பெறாமல் வழங்குவோம் என உளமார உறுதி கூறுகிறோம்."

போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டார்கள். எல்லோரும் கைகூப்பும் பொம்மைகளாக அனுப்பினார்கள். அந்த வாரம் பதினொன்றாம் தொட்டி ஜோடி முட்டையிட்டது. நாலில் ஒன்றுக்கு ஏழு கணுதான்.

"உறுதிமொழி எடுத்த பிறகுமா?" என்று இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். தண்ணீர் குடித்துத் தெளிந்தவர், ஒரு நிர்வாகிக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். மாறுதல் உத்தரவு. நிர்வாக நலன் கருதி, பதினொன்றாம் தொட்டி ஆண், பெண் இருவரும் ஜெகதாப்பட்டினம் துணை மையத்துக்கு மாற்றப்படுகிறார்கள்.

துணை மையம் என்பது துறைமுகத்தில் ஓர் ஐஸ் ஆலைக்குப் பின்னாலிருக்கும் அறை. அறையில் ஒரு தொட்டி. தொட்டியில் கடல் தண்ணீர்.

ஞானமணி இயக்குநர் அறைக்கு ஓடினாள். "சார், இது நல்ல தண்ணி மீன். கடல் தண்ணியில போட்டா கொஞ்ச நேரம்கூடத் தாங்காது."

"உப்புத் தண்ணிக்குப் பயந்தா உத்தியோகம் பார்க்க முடியுமாம்மா? ராமநாதபுரத்துல இருந்தப்போ நான் குடிக்காத உப்புத் தண்ணியா? செத்தா போயிட்டேன்?"

"நீங்க குடிச்சீங்க சார். அதுக்குள்ள குடியிருக்கலையே."

"எதுவா இருந்தாலும் மேல்முறையீடு பண்ணச் சொல்லு. புது இடத்துல போய்ப் பணியில சேர்ந்த பிறகுதான் பண்ண முடியும். அதான் முறை."

"சேர்ந்த உடனே செத்துப்போயிருமே சார்!"

"அப்ப மேல்முறையீடு தேவைப்படாதுல்ல?" என்றார் இயக்குநர், ஒரு சிக்கலைத் தீர்த்துவைத்த நிறைவோடு. "வெள்ளிக்கிழமை ஜீப் அங்கிட்டுத்தான் போகுது. வரும்போது வீட்டுக்கு நண்டு வாங்கணும். அதுல ஏத்திவிட்டுரு."

அன்றைக்கு ஞானமணி பஸ் பிடித்து ஆவூர் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் அப்பா சவரியப்பன் வழக்கம்போல அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். பல வருஷங்களுக்கு முன் பள்ளியிலிருந்த உலக உருண்டை ஒன்று காணாமல் போனது. அதற்காக அவர்மேல் பதினேழு-பி போட்டார்கள். அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் அது பெரிய தண்டனைக்கான பிரிவு. விசாரணை தொடங்கியது, முடியவில்லை. ஓய்வு பெறும் வயது வந்தது. விசாரணை முடியாததால் ஓய்வு கொடுக்கவில்லை. இப்போது அவர் வாத்தியாரும் இல்லை, ஓய்வு பெற்ற வாத்தியாரும் இல்லை.

"இன்னைக்கும் ஆபீசுக்குப் போனேன்த்தா," என்றார் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி. "அந்தக் கிளார்க்குப் பய சொல்றான், 'சார், விசாரணை நிலுவையில இருக்கிற வரைக்கும் ஒங்கள ஒரு எடத்துக்கும் மாத்த முடியாது, விடுவிக்க முடியாது, ஒங்க மேல ஒரு துரும்பு படாது, நிம்மதியா இருங்க'ங்கிறான். நிம்மதியாம்! ரிட்டயராகாம எப்புடிடா நிம்மதி?"

ஞானமணி சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். "யப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதைத்தா?"

"துரும்பு படாதுன்னு."

"துரும்பு படாதுன்னான்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

"ஏத்தா, அப்பன் கஷ்டம் ஒனக்குக் கேலியா இருக்கா?" என்று சவரியப்பன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஞானமணி போய் நின்றது கண்ணுசாமியின் மேஜைக்கு முன்னால். கண்ணுசாமி குற்றச்சாட்டு எழுதுவதில் மன்னர். அந்தக் காலத்தில் ஓட்டுநர்மேல் எழுதியிருக்கிறார், காவலாளிமேல் எழுதியிருக்கிறார், வற்றிப்போன ஆழ்துளைக் கிணற்றின்மேல்கூட ஒன்று எழுதி அது விளக்கம் தரவில்லை என்று மூடினார். கொஞ்ச காலமாக யாரும் எதுவும் செய்யாததால் கைக்கு வேலையில்லாமல் வாடிப்போயிருந்தார்.

"சார், பதினொன்னாம் தொட்டி மேல ஒரு புகார்."

"அதுதான் நாளைக்குப் போகுதே, இனிமே என்ன?"

"உறுதிமொழி வாசிக்கிறப்போ ரெண்டும் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுச்சுக சார்."

கண்ணுசாமி பேனாவைக் கீழே வைத்தார்.

"இயக்குநர் படத்துக்கும் அப்படித்தான்."

"படத்துக்குமா!" கண்ணுசாமியின் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. "சொல்லு, சொல்லு."

"எட்டாவது கணுவைப் போடணும்னு கூட்டத்துல இயக்குநரே சொல்லியும் போடலை."

"இங்கதான் நல்லா யோசிச்சுச் சொல்லணும்மா. கவனக்குறைவுன்னா பதினேழு-ஏ. அது சில்லறைக் கேசு, ரெண்டு நாள்ல முடிஞ்சிரும். வேணும்னே பண்ணுச்சுன்னா பதினேழு-பி. விசாரணை அதிகாரி, சாட்சி, குறுக்கு விசாரணைன்னு எல்லாம் உண்டு." பேனாவை மறுபடி கையில் எடுத்தார். "வேணும்னேதானா?"

"வேணும்னே சார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

சாப்பிடப் போகாமல் எழுதினார் மனிதர். அலுவலகத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் 'தனியர்' என்று பேர். 'மேற்படி தனியர்கள் இருவரும், கூட்டுச் சேர்ந்து, உள்நோக்கத்துடன், தம் வாரிசுகளுக்குச் சேர வேண்டிய கணுக்களை வழங்காது நிறுத்திவைத்தும், மேலதிகாரியின் திருவுருவப் படத்துக்குப் புறமுதுகு காட்டியும்...' என்று மூன்று பக்கம். திருவுருவப் படம் என்ற இடத்தைப் படித்ததுமே இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

குற்றச்சாட்டைத் தனியர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். லேமினேட் செய்து தொட்டிக்குள் இறக்கினார்கள். பெண் மீன் வந்து ஓரத்தைக் கொறித்துப் பார்த்தது. 'நேரில் பெற்றுக்கொண்டார்' என்று கண்ணுசாமி குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்து நின்றது. ஓட்டுநர் ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையோடு ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார். வாசலில் கண்ணுசாமி கையை விரித்து நின்றார்.

"விசாரணை நிலுவையில இருக்கறவங்களை விடுவிக்க முடியாதுங்க."

சத்தம் கேட்டு இயக்குநர் வந்தார். "யோவ், மாறுதல் உத்தரவு போட்டது நான்."

"ஆமாங்கய்யா."

"பதினேழு-பியில கையெழுத்துப் போட்டதும் நான்."

"அதனாலதாங்கய்யா சொல்றேன். நீங்களே போட்டதை நீங்களே மீறுனா, அப்புறம் ஒங்க மேல எழுதணும்."

இயக்குநர் கண்ணுசாமியின் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பார்த்தார். திரும்பிப் போனார். ஜீப் ஜெகதாப்பட்டினம் போய் நண்டோடு வந்தது.

விசாரணை தொடங்கியது. விசாரணை அதிகாரி திருச்சியிலிருந்து வந்து தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளை ஒரு குமிழி விட்டது. அது ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று தெளிவுரை கேட்டுத் தலைமையிடத்துக்கு எழுதினார்கள். தெளிவுரை வரும்வரை ஒத்திவைப்பு.

அதற்குள் கண்ணுசாமிக்கு இன்னொரு விதி ஞாபகம் வந்தது. கணு தவறிய கருக்கள் அத்தனையும் சான்றுப் பொருட்கள். சான்று கெட்டுவிடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு கருவையும் வேளை தவறாமல் படமெடுக்க வேண்டும். கரண்டு போனால் சான்று செத்துவிடும், ஆகவே ஜெனரேட்டர். நாலு வருஷமாக ஞானமணி கேட்டுக் கேட்டு வாய் வலித்த ஜெனரேட்டர், ஒரு வாரத்தில் லாரியில் வந்து இறங்கியது. படமெடுக்கப் புது கேமராவும் வந்தது.

"ஏ பாப்பா," என்றார் செவந்தி, "நல்ல மீனா இருந்தப்போ பச்சத்தண்ணி மாத்த நாதியில்ல. குத்தவாளியானதும் ஏசி போடுறாக. நானும் ஏதாச்சும் பண்ணிப்புடவா?"

மதிப்பீட்டுக் குழு வந்து பார்த்து மெய்சிலிர்த்துவிட்டது. மனிதர்களையே ஒழுங்குபடுத்த முடியாத நாட்டில் மீன் வரைக்கும் ஒழுங்கு நடவடிக்கை போயிருக்கிறதே என்று குழுத் தலைவர் மேடையில் கண் கலங்கினார். "இந்த மீன்கள் என்ன தப்பு செய்தன என்று எனக்குப் புரியவில்லை. இந்தக் கரு, கணு எதுவும் எனக்குப் புரியவில்லை. புரியாத ஒன்றின்மீது இவ்வளவு உறுதியாக நடவடிக்கை எடுத்திருக்கிறீர்களே, அதற்குத்தான் என் பாராட்டு!" என்றார். இயக்குநர் எழுந்து நின்று தானே கைதட்டினார்.

குழுவின் அறிக்கை பிற்பாடு வந்தது. முதல் பத்தி பாராட்டு. இரண்டாம் பத்தி: இம்மீன்கள் இந்த அளவுக்குத் துணிய, மேற்பார்வை அலுவலரின் தொய்வே காரணமா என்பதையும் இதே விசாரணையில் சேர்த்து ஆராயவும்.

இயக்குநர் ஆனந்தராஜ் மூன்றாம் தனியர் ஆனார்.

அவர் ஓய்வு பெறும் நாள் வந்தது. ரோஜாமாலை வாங்கியாயிற்று, பிரியாணி வந்தாயிற்று. கண்ணுசாமி மாலைக்குப் பதில் ஒரு காகிதத்தோடு வந்தார். "மனசு கேக்கலைங்கய்யா. ஆனா ஒங்களை விடுவிக்க வழியில்ல." பிரியாணியை எல்லோரும் சாப்பிட்டார்கள். மாலையைச் செவந்தி கொண்டுபோய்ப் பதினொன்றாம் தொட்டிக்குப் போட்டார்.

இயக்குநர் நாற்காலிக்குப் புது ஆள் வந்துவிட்டதால் ஆனந்தராஜுக்கு உட்கார இடமில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. தினமும் வந்து அதில் உட்கார்ந்தார். ஞானமணி அந்த மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டிருந்தாள். கட்டுரையும் ஆய்விதழுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அடுத்த கேள்வி: ஏழு வரை சரியாக விழுவது எப்படி? அதற்கும் அந்த ஜோடியும் அதன் வம்சமும் வேண்டும்.

ஒரு நாள் ஆனந்தராஜ் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஏம்மா, நீதான் முக்கிய சாட்சி. அதுக வேணும்னே பண்ணலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். விசாரணை முடிஞ்சிரும். நானும் வீட்டுக்குப் போயிருவேன்."

"முடிஞ்சா மறுநாளே ஜீப் வரும் சார். ஒங்க மாறுதல் உத்தரவு இன்னும் உயிரோடதான் இருக்கு."

"அதை நான் ரத்து..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"பண்ணுங்க சார். இப்பவே எழுதிக் குடுங்க. நாளைக்கே சாட்சியை மாத்திச் சொல்றேன்."

"எனக்கு ஏதும்மா அதிகாரம்? நான்தான் தனியராச்சே."

"அப்ப நானும் மாத்திச் சொல்ல மாட்டேன் சார். அதுக வேணும்னேதான் பண்ணுச்சுக. எத்தனை விசாரணை வச்சாலும் அதையேதான் சொல்லுவேன்."

ஆனந்தராஜுக்குச் செய்ய வேறு வேலை இல்லை. எழுந்து வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். இந்தத் தடவை இமை படாமல் சரியான தூரத்தில் கண்ணை வைத்தார். ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது.

"ஏழு," என்றார். "அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அது இஷ்டம் சார்."

ஆனந்தராஜ் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். கண்ணுசாமி அங்கே இல்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இன்னொண்ணு வையி," என்றார்.